காலையில் மட்டும் கண்ணை மூடும் யாஷிகா எலக்ட்ரோ 35

மே 11 – கீழக்கரையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

வாப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் ஃபிலிம் கேமரா வீட்டில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் கிடக்கும் படகுகளை விடியற்காலையில் போய்ப் படம் எடுக்கிறேன். அதில் பாதிக்குப் பாதி இருட்டு. அதே ரோலில் நண்பகலில் எடுத்தவை எல்லாம் அருமையாக வந்திருக்கின்றன. மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். கொஞ்ச நாள் வைத்திருந்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். இரவு ஈரத்தில் உப்பு சர்க்யூட்டில் இறங்குகிறது, வெயில் ஏறியதும் காய்ந்து சரியாகிறது என்று நினைக்கிறேன். போர்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவலாமா காக்கா (அண்ணா)?

மே 11, இரவு

கழுவாதீர்கள் தம்பி. எதையும் கழற்றவே வேண்டாம், இப்போதைக்கு.

மண்டபத்தில் பல காலம் ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் ரிப்பேர் பார்த்தவன் நான். வந்து வந்து போகும் பழுதில், திறந்த கையோடு அது ஓடிவிடும். கழற்றி மாட்டும்போது ஏதோ ஒரு வயர் அசைந்து ஒட்டிக்கொள்ளும், செட் பாடும், ஆள் காசு கொடுத்துவிட்டுப் போவார், அடுத்த வாரம் அதே செட்டோடு வந்து நிற்பார். அது எப்போது வருகிறது என்று தெரிந்த பிறகுதான் ஸ்க்ரூட்ரைவரை எடுக்க வேண்டும்.

என்னிடமும் ஒரு ஜிஎஸ்என் இருக்கிறது, அதனால் ஆர்வம் கொஞ்சம் கூடுதல். எனக்கு வேண்டியவை: இருட்டாக வந்த படங்களின் நெகடிவ் (பிரிண்ட் வேண்டாம், ஸ்கேன் செய்பவர் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியிருப்பார்), என்ன பேட்டரி போடுகிறீர்கள், எடுக்கும்போது கேமராவை எப்படிப் பிடிக்கிறீர்கள்.

மே 12

பேட்டரியைப் பற்றி முதலில். இந்தக் கேமராவுக்கு அந்தக் காலத்தில் வந்தது 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி. இப்போது அது கிடையாது. 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி போடலாம், அல்லது வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பொத்தான் நான்கை அடுக்கி, காகிதம் சுற்றிப் போடலாம். 0.4 வோல்ட் கூடுதலால் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய மெர்க்குரி பேட்டரி பெரியது, அறையும் அதற்கேற்ப நீளம். மிச்ச இடத்தை அடைக்க ஏதாவது வேண்டும். அந்த ‘ஏதாவது’ என்ன என்பதைச் சொல்லுங்கள்.

கடைக்காரர் கேட் ரிமோட்டுக்குப் போடும் 23ஏ பேட்டரியை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அது 12 வோல்ட்.

மே 14

உப்பு ஈரம் என்ற தம்பியின் கணிப்பை, இங்கே பதில் போட்ட தொண்டிக்காரர் ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். நான் செய்ய மாட்டேன். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீராக இளகிவிடும். நம் கரையில் விடியற்காலை ஈரப்பதம் அதைத் தாண்டுவது சாதாரணம். சமையலறையில் உப்பு ஜாடியைப் பார்த்தாலே போதும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்காரர்கள் இரும்புத் தகடுகளைத் துருப்பிடிக்க விட்டுப் பார்க்க மண்டபத்தைத் தேடி வந்தது சும்மா இல்லை.

இன்னும் ஒன்று. இந்தக் கேமராவில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை வெளிச்சத்தை உணரும் ஒரு சிடிஎஸ் செல் தீர்மானிக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்பும், ஷட்டர் தாமதமாக மூடும். ஈர உப்பு பக்கத்தில் ஒரு சின்னக் கசிவுப் பாதை போட்டுவிட்டால், நல்ல வெயிலில் அது தெரியாது. செல்லின் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும் மங்கல் வெளிச்சத்தில்தான் கசிவு முந்திக்கொள்ளும், ஷட்டர் சீக்கிரம் மூடும், படம் இருட்டும். ஆக, காலையில் கெட்டு நண்பகலில் தேறுவதற்கு இது நியாயமான காரணமே.

சோதிக்கச் சுலபமான வழி: மூடி இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இரவு முழுக்கக் கேமராவை வையுங்கள். விடிந்ததும் வீட்டுக்குள்ளேயே, மங்கலான அறையில், டப்பாவிலிருந்து எடுத்த கையோடு பாருங்கள். காய்ந்த கேமராவும் அதே சேட்டை செய்தால் ஈரத்தின் மேல் பழி போட முடியாது.

அரிசியில் புதைக்க வேண்டாம். மாவுத் தூசு ஷட்டருக்குள் போகும்.

மே 17

நெகடிவ் வந்தது. வெளிச்சப் பெட்டியில் வைத்து லூப்பில் (பூதக்கண்ணாடியில்) பார்த்தேன். கதை மாறுகிறது.

இருட்டுப் படங்கள் ஆளுக்கொரு அளவில் இருட்டவில்லை. ஒன்று, படம் சரியாக இருக்கிறது. இல்லையென்றால் ஒரேயடியாக வெளிறிக் கிடக்கிறது (நெகடிவ் வெளிறினால் படம் இருட்டு). நடுத்தரம் கிடையாது. கசிவு இப்படிச் செய்யாது. கொஞ்சம் இருட்டு, அதிக இருட்டு என்று பலவிதமாக வரும்.

அப்புறம் அந்தக் காகம். வலைக் குவியலிலிருந்து எழும்புகிறதே, அந்தப் படம். நெகடிவில் நிழல் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் இறகு நுனி வரைக்கும் கூர்மை. சூரியன் இன்னும் எழவில்லை, தம்பி வைத்தது எஃப் 4 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஃபிலிம் 200 (அதன் வெளிச்ச உணர்திறன்). அந்த வெளிச்சத்துக்குக் கேமரா 1/15 விநாடி அளவில் கேட்டிருக்க வேண்டும். 1/15இல் காகத்தின் இறகு கலங்கிப்போய்த்தான் வரும். கூர்மையாக வந்திருக்கிறது என்றால் ஷட்டர் ஓடியது மிக வேகமாக.

எலக்ட்ரோவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு அமுக்கினாலும் ஷட்டர் அடிக்கும். அப்போது அது ஓடும் வேகம் ஒன்றே ஒன்று: 1/500. திறந்த ஷட்டரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மின்காந்தம். மின்சாரம் இல்லாவிட்டால் பிடித்துவைக்க ஆள் இல்லை, திறந்த வேகத்தில் மூடிவிடும். 1/15 கேட்ட இடத்தில் 1/500 ஓடினால் ஐந்து ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). நெகடிவில் இருப்பதும் அதுதான்.

அதாவது அந்த நொடியில் கேமராவுக்குக் கரன்ட் இல்லை.

மே 17, கொஞ்சம் கழித்து

அப்படியானால் நண்பகலில் ஏன் கெடவில்லை என்று உடனே கேட்டுவிட்டார் தம்பி. நண்பகலிலும் கெட்டிருக்கலாம், நமக்குத் தெரியவில்லை என்பதே என் பதில். தனுஷ்கோடி மணலில் உச்சி வெயிலில் 400 ஃபிலிம், எஃப் 16 வைத்தால் தேவையான வேகம் 1/400, 1/500 அளவுதான். பேட்டரியே இல்லாத எலக்ட்ரோ அங்கே முழு ரோலையும் அழகாக எடுத்துத் தரும். 200 ஃபிலிமாக இருந்தால் ஒரு ஸ்டாப் குறையும், கலர் நெகடிவ் அதைப் பொறுத்துக்கொள்ளும், லேப்காரர் பிரிண்டில் தூக்கிவிடுவார்.

மதுரைக் கடையில் என்ன நடந்திருக்கும் என்பதும் இப்போது புரிகிறது. வாசலில் நின்று வெயிலைப் பார்த்து நாலு தடவை அமுக்கியிருப்பார்கள். அடித்திருக்கும். குறை சொல்ல என்ன இருக்கிறது.

ஆக நேரமும் ஈரமும் நம்மை ஏமாற்றிவிட்டன. காலைக்கும் நண்பகலுக்கும் நடுவே மாறியது வெளிச்சத்தின் அளவு மட்டும். பழுது நாள் முழுக்க வந்து போயிருக்கிறது.

மே 18

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பி எழுதுகிறார்: “அமுக்கும்போது மஞ்சள் விளக்கும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை, அதனால் எல்லாம் சரி என்று எடுத்துவிட்டேன்.”

இந்தக் கேமராவின் பெரிய வில்லங்கம் இது. மஞ்சள் எரிந்தால் வேகம் 1/30க்குக் கீழே, ஸ்டாண்டு வேண்டும். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம். இரண்டும் எரியாவிட்டால் நல்லது, எடு. ஆனால் கரன்ட் இல்லாவிட்டாலும் இரண்டும் எரியாது! நலமாக இருக்கும் கேமராவும் செத்த கேமராவும் வியூஃபைண்டரில் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. விடியற்காலையில் எஃப் 4இல் மஞ்சள் எரியாமல் இருப்பதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

பின்பக்கம் இருக்கும் பேட்டரி பொத்தானை அமுக்கிப் பச்சை விளக்கு வருகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வந்து போகும் பழுதில் பொத்தானை அமுக்கும்போது வரும், ஷட்டரை அமுக்கும்போது போகும்.

சிலிக்கா ஜெல் சோதனையையும் செய்துவிட்டார். காய்ந்த கேமராவும் சில தடவை மஞ்சள் காட்டவில்லை. ஈரம் தப்பித்தது.

மே 19

பழுதைக் கையும் களவுமாகப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. ஃபிலிம் இல்லாமல் செய்யுங்கள்.

பின்கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மேலே இருக்கும் சிடிஎஸ் கண்ணைக் கட்டைவிரலால் வெளிச்சம் புகாமல் மூடுங்கள். வைண்ட் செய்து அமுக்குங்கள். கேமராவுக்குக் கும்மிருட்டு என்று தோன்றும், ஷட்டர் திறந்தபடியே நிற்கும், பின்னாலிருந்து பார்த்தால் லென்ஸ் வழியே வெளிச்சம் தெரியும். அது 30 விநாடி வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கக்கூடிய கேமரா. இந்த இடைவெளியில் கேமராவைச் சாயுங்கள், நிமிர்த்துங்கள், குத்துவாட்டில் பிடியுங்கள், அடித்தகட்டை விரலால் தட்டுங்கள், பேட்டரி மூடியை லேசாக அழுத்துங்கள். விரலை எடுக்காமலேயே ஷட்டர் டப்பென்று மூடினால், அந்த அசைவில் கரன்ட் அறுந்தது என்று அர்த்தம்.

மல்டிமீட்டர் வேண்டாம், ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம். மின்காந்தமே நமக்கு மீட்டர்.

மே 20

தொண்டிக்காரர் மறுபடியும் வந்திருக்கிறார். எலக்ட்ரோ என்றாலே உள்ளே இருக்கும் ரப்பர் துண்டு கரைந்துபோவதுதான் வியாதி, வேறெதையும் பார்க்காதே என்கிறார். அவர் சொல்லும் வியாதி உண்மைதான். ஷட்டர் தண்டுக்கு அணைவாக ஒரு சின்ன ரப்பர் இருக்கிறது, வயதாகி நொறுங்கிவிடும், அப்புறம் சுவிட்சுகள் சரியான வரிசையில் சேராமல் வேகம் கோணலாகும். அதற்கு அடையாளம், வைண்ட் செய்யும்போது கேட்க வேண்டிய ‘டக்’ சத்தம் கேட்காது. தம்பி வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருக்கிறார், டக் தெளிவாகக் கேட்கிறது. பின்னால் பக்கத்து வீட்டுச் சேவலும் கேட்கிறது. ரப்பர் நலம்.

மே 22

சிக்கியது. படுக்கைவாட்டில் ஷட்டர் திறந்தபடி நின்றதாம். குத்துவாட்டில் திருப்பினால் பல தடவை மூடிக்கொள்கிறதாம். மிச்ச இடத்தை அடைக்க அவர் வைத்திருந்தது பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கும் சாக்லேட் தாள் உருண்டையும்.

சாக்லேட் தாளில் அலுமினியம் இருக்கிறது, சரி. ஆனால் சுருட்டிய உருண்டை அமுங்க அமுங்கத் தளரும், மேற்பரப்பில் ஆக்சைடு படியும். பேனா ஸ்பிரிங் மெல்லியது, பேட்டரி பக்கவாட்டில் சாய்ந்தால் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். டார்ச்லைட்டுக்குள் இருக்கும் கூம்பு ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பித்தளை வாஷர். பேட்டரியைச் சுற்றிக் காகிதக் குழல் போட்டால் ஆடாமல் நடுவில் நிற்கும். அறையின் உள்முனையையும் மூடியையும் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், முலாம் உரிந்துவிடும்.

ஜூன் 2

கூம்பு ஸ்பிரிங் போட்ட பிறகு ஒரு முழு ரோல் சரியாக வந்திருக்கிறது. வாழ்த்துகள்.

நடுவில் கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுவது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் நம் ஊர்க் கஷ்டம் என்பதால் சொல்கிறேன். டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி என்று போட்டிருக்கும். இங்கே குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப் நேரம் மிகவும் சுருங்கிவிடும், கை கொஞ்சம் தாமதித்தால் திட்டுத்திட்டாக வரும். நான் ஐஸ் கம்பெனியிலிருந்து உடைத்த ஐஸ் ஒரு பை வாங்கி, அண்டாவில் கொட்டி, பாட்டில்களை அதில் நிறுத்தி வைப்பேன். தடைக்காலத்தில் ஐஸுக்குக் கிராக்கி இல்லை, வற்புறுத்திக் கொடுப்பார்கள். மீன் வாசனை ஃபிலிமில் ஏறாது, என் மனைவிக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் மாவட்டத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் நெகடிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி. கேன் தண்ணீர் ஒரு லிட்டர், அதில் இரண்டு சொட்டு ஷாம்பு, போதும்.

ஜூன் 9

திரும்ப வந்துவிட்டது. முன்பு போல அடிக்கடி இல்லை, ரோலுக்கு ஒன்றிரண்டு.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. பழைய செட்டுகளில் இப்படி நடக்கும். ஒரே அடையாளத்துக்கு இரண்டு காரணம் இருக்கும், சத்தம் போடும் காரணத்தைச் சரிசெய்ததும் அடங்கியிருந்த இன்னொன்று தலைகாட்டும். ஸ்பிரிங்கும் காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

கட்டைவிரல் சோதனை மறுபடியும். இப்போது குத்துவாட்டில் மூடவில்லை. அடித்தகட்டில் பேட்டரி அறைப் பக்கம் அழுத்தினால் எப்போதாவது மூடுகிறது. சரி, இனித் திறக்கலாம். தம்பி, நீங்கள் செய்ய வேண்டாம், தடைக்காலம் முடிந்ததும் மண்டபம் பக்கம் வருவேன் என்றீர்களே, அப்போது கொண்டுவாருங்கள். ஜப்பான் ஸ்க்ரூவின் பள்ளம் வேறு மாதிரி, சாதாரண ஸ்டார் ட்ரைவர் போட்டால் தலை மழுங்கிவிடும். என்னிடம் அதற்கேற்றது இருக்கிறது.

ஜூன் 15

நேற்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. ஊரே கடலுக்குப் போய்விட்டது, தம்பி மட்டும் கேமராவோடு என் வீட்டுக்கு வந்தார்.

அடித்தகட்டைக் கழற்றினோம். பேட்டரி அறையின் உள்முனையில் வயர் பற்றவைத்த இடத்தில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தது. மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்தேன், பீப் அடித்தது. தம்பி முகம் வாடிவிட்டது. வயர் நன்றாக இருக்கிறதே என்கிறார்.

இந்த பீப்பை நம்பி நிறையப் பேர் கெட்டிருக்கிறார்கள். மீட்டர் அந்தச் சோதனையில் அனுப்புவது ஒரு மில்லியாம்ப் சுற்றுவட்டாரம்தான். வயருக்குள் இருக்கும் இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது போய்ச் சேரும், பீப் அடிக்கும். பல மீட்டர்கள் 30 ஓம்ஸ் இருந்தாலும் பீப் அடிக்கின்றன. விளக்கோ மின்காந்தமோ 50 மில்லியாம்ப் இழுத்தது என்று வையுங்கள், 30 ஓம்ஸில் ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். 6 வோல்ட்டில் மிச்சம் நாலரை.

அதனால் வேலை வாங்கிக்கொண்டே அளக்க வேண்டும். பேட்டரியைப் போட்டு, பச்சை விளக்குப் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் தலையில், இன்னொன்று அதே வயரின் மறுகோடியில். நல்ல வயரென்றால் சுழியத்தை ஒட்டிக் காட்டும். எங்களுக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வயரை விரலால் அசைத்ததும் எண் துள்ளியது. தம்பி அதைப் பார்த்துச் சிரித்தாரே, இங்கே நான் எழுதிய எல்லாவற்றையும்விட அதுதான் அவருக்குப் புரிந்தது.

ஜூன் 16

வயரை மாற்றியாகிவிட்டது. உறையைச் சீவிப் பார்த்தபோது உள்ளே செம்பு கருத்துப்போயிருந்தது, பாதி நீளம் வரைக்கும். கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது, எவ்வளவு பிளக்ஸ் (பற்றவைக்கும் பசை) போட்டாலும் உருண்டு விழும். நுனியை மட்டும் வெட்டிப் பற்றவைத்தால் ஆறு மாதத்தில் திரும்ப வரும், முழு வயரையும் மாற்றுவதே சரி. பச்சை படிந்த தகட்டை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம்.

புது வயரில் அதே அளவை: மீட்டரில் சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஜூன் 28

தொண்டிக்காரர் கேட்கிறார்: பச்சை படிந்திருந்தது என்றால் உப்புக் காற்றுதானே, தம்பி முதலில் சொன்னது சரிதானே?

உப்புக் காற்று என்றால் ஸ்க்ரூ, வெளித்தகடு, ஸ்ட்ராப் வளையம் எல்லாம் அரித்திருக்க வேண்டும். அவை பளிச்சென்று இருந்தன. அரிப்பு பேட்டரி முனையில் தொடங்கி, உறைக்குள்ளேயே மேல்நோக்கிப் போயிருந்தது. பேட்டரி ஒழுகினால் இப்படித்தான் ஆகும். உள்ளே இருக்கும் காரம் வயரின் உறைக்குள் ஏறி, வெளியே தெரியாமல் செம்பைத் தின்னும். தம்பியிடம் விசாரித்தேன். வாப்பா ஊர் திரும்பிய பிறகு பேட்டரியோடு பீரோவில் வைத்தது, வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை.

உப்புக்கு நான் நற்சான்று தரவில்லை. கடலோரம் போய் வந்தால் ஈரத்துணியைப் பிழிந்து ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இரண்டாவது முக்கியம்.

ஜூலை 6

கச்சான் காற்று (மேற்கிலிருந்து அடிப்பது) ஏறிவிட்டது. தனுஷ்கோடிப் பக்கம் கேமரா கொண்டுபோகிறவர்கள் அங்கே பறக்கும் மணலில் ஃபிலிம் மாற்றாதீர்கள். காருக்குள் மாற்றுங்கள், ஏசியை அணைத்துவிட்டு. குளிர்ந்த லென்ஸோடு வெளியே இறங்கினால் ஆவி படியும்.

தம்பி புது ரோலிலிருந்து அனுப்பியிருக்கிறார். விடியலில் கரைக்கு வரும் வள்ளம், மஞ்சள் விளக்கு எரிந்ததாம், கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து எடுத்தாராம். வெளிச்சம் சரி. அடிவானம் கோணல், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜூலை 9

யாஷிகா எம்எஃப்-2 வைத்திருக்கும் ஏர்வாடி அண்ணனுக்கு: உங்கள் ஃப்ளாஷ் ஒருநாள் அடித்து ஒருநாள் அடிக்காதது வேறு கதை, தனியாகக் கேள்வி போடுங்கள், பார்க்கலாம். அதுவரை மேல்மூடியைக் கழற்றாதீர்கள். அந்த ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவு நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும் நிற்கும்.